நீர் என்னும் சொல்லின் வரலாறு

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீர் என்னும் சொல்லைப்பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். உழவே தொழிலாக வழிவழி வந்த நம் குலத்தார்க்கு நீரினும் இன்றியமையாத பொருள் பிறிதொன்று இன்று. கிணற்றின் ஆழத்தையும், வாய்க்காலின் முறையையும், மழையின் பொய்ப்பையும் பேசாது நம்மவர் கூடிப் பிரிந்ததுமில்லை. எனினும் அப்பொருளைக் குறிக்கும் சொல் எவ்வாறு வந்தது, யார் யாரிடத்து வழங்குகின்றது என்பதை நாம் இதுகாறும் எடுத்துப் பேசியதில்லை.

இப்பொழுது பேசவேண்டிய தேவையும் நேர்ந்துள்ளது. உலகத்து மொழிகளில் நீரைக் குறிக்கும் சொற்களெல்லாம் தமிழினின்றே பிறந்தன என்று நம்மவருள் சிலர் துண்டுத்தாள்களிலும், மணமேடைகளிலும், கைப்பேசிச் செய்திகளிலும் பரப்பி வருகின்றனர். அவர்தம் மொழிப்பற்று போற்றத்தக்கது. அவர்கள் காட்டும் சான்றுகள் அத்தகையன அல்ல. நம் பிள்ளைகள் பிறர் நடுவே இவற்றைச் சொல்லி நகைப்புக்கு இடமாவதை யாம் விரும்பவில்லை. மேலும், உள்ள வரலாறே கட்டிய கதையினும் பெருமையுடையதாக இருக்க, கதையை நாடுவது எற்றுக்கு?

முதற்கண் இந்தோ-ஐரோப்பியம் எனப்படும் மொழிக்குடும்பத்தைக் காண்போம். வடமொழி, பாரசீகம், கிரேக்கம், லத்தீன், ருஷ்யம், ஜெர்மன், ஆங்கிலம் முதலியன ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்பது அறிஞர் துணிபு. வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் ஓர் ஊற்றினின்று வந்தனவாதல் வேண்டும் என்று கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த வில்லியம் ஜோன்ஸ் 1786-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அக்குடும்பத்தில் நீருக்குப் பழஞ்சொற்கள் ஒன்றல்ல, பல.

அவற்றுள் ஒன்று வடமொழியில் உதகம், உதன் என நிற்பது. அதுவே கிரேக்கத்தில் ஹுதோர், ருஷ்யத்தில் வதா, ஆங்கிலத்தில் வாட்டர், ஜெர்மனில் வாஸர். செவிக்கு இவை வேறு வேறாகவே தோன்றும். ஆயின் வடமொழியில் தகரத்தின் மெல்லோசை நின்றவிடத்து ஆங்கிலத்தில் டகரத்தின் வல்லோசை நிற்றல் ஒரு முறை; தசம் டென் ஆயிற்று, த்வி டூ ஆயிற்று, பாதம் என்பதன் வேர் ஃபுட் ஆயிற்று. ஆங்கிலத்தில் அவ்வோசை நின்றவிடத்து ஜெர்மனில் ஸகரமோ ட்ஸகரமோ நிற்றல் மற்றொரு முறை. இம்முறைகளை 1822-இல் ஜேக்கப் கிரிம் என்பார் ஒழுங்குபடுத்திக் காட்டினார். ஒரு சொல்லில் மட்டுமன்றிப் பல சொற்களில் ஒரே திரிபு திரும்பத் திரும்ப வருமாயின், அங்கே உறவு உண்டு; ஒரு சொல் மட்டும் ஒத்திருப்பின், அது தற்செயலாகவும் இருக்கலாம், கடன் பெற்றதாகவும் இருக்கலாம். எம் பேச்சு முழுமைக்கும் இதுவே அளவுகோல். தராசில்லாமல் பருத்தி விற்பார் நம்முள் இலர். சொல்லை நிறுக்கவும் தராசு வேண்டுமன்றோ?

நீர்நாயை வடமொழி உத்ர என்னும். ஆங்கிலம் ஆட்டர் என்னும். இவ்விரண்டும் நீரின் விலங்கு என்னும் பொருளுடையனவாய் அவ்வேரினின்றே கிளைத்தவை. நாமும் அதனை நீர்நாய் என்றே வழங்குகின்றோம். சொல் வேறு, குடும்பம் வேறு; நினைவு ஒன்று.

இச்சொல்லைப்பற்றிய வியப்பான செய்தியொன்று உளது. இன்றைய துருக்கி நாட்டில் பொகாஸ்கோய் என்னுமிடத்தே 1906-ஆம் ஆண்டு தொடங்கி அகழ்ந்தபோது ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகள் கிடைத்தன. எழுத்தைப் படிக்க முடிந்தது, மொழியோ விளங்கவில்லை. ஹ்ரோஸ்னி என்னும் அறிஞர், அப்பம் உண்பதையும் ஏதோ பருகுவதையும் கூறும் ஒரு வரியை நோக்கியிருந்தார். அதில் வாதர் என்றொரு சொல் நின்றது. அப்பத்தோடு பருகப்படுவது நீரேயாதல் கூடும், வாதர் என்பது வாட்டர் என்பதன் உறவாதல் கூடும் என்று அவர் கொண்ட கருத்தினின்றே பூட்டுத் திறந்தது. 1915-இல் அதனை வெளியிட்டார். ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் மறைந்திருந்த ஹிட்டைட்டு மொழி, நீர் என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு கரையேறியது எனலாம்.

இரண்டாவது பழஞ்சொல் வடமொழியின் அப் என்பது. பாரசீகத்தில் அஃது ஆப் ஆகும். ஐந்து நீர் என்னும் பொருளதே பஞ்சாப். இரண்டு நீரிடைப்பட்ட நிலம் தோஆப். குல் என்பது பாரசீகத்தில் பூ, ஆப் நீர். ஆகவே குலாப் என்பது முதலில் பூநீரைக் குறித்தது. நம் வீட்டு மணங்களில் இலையோரத்து வைக்கும் குலாப் ஜாமூனில் இப்பழஞ்சொல் ஒளிந்திருப்பதை உண்பார் அறியார். மணப்பந்தல் வாயிலில் தெளிக்கும் பன்னீரோ பனிநீர் என்பதன் மரூஉ. மலையாளத்தார் இன்றும் பனிநீர் என்றே விளங்கச் சொல்வர். ஒரே மணவீட்டில் வாயிலில் நம் நீரும் பந்தியில் பாரசீக நீரும் பரிமாறப்படுகின்றன.

லத்தீனில் அக்வா என்பது பிறிதொரு சொல். ஸ்பானிய மொழியில் அது அகுவா எனத் தேய்ந்தது. பிரெஞ்சில் மெய்யெழுத்துக்கள் யாவும் உதிர்ந்து ஓ என்னும் ஒற்றை உயிரோசையாய் நின்றது.

ஒரு பொருளுக்கு ஏன் இருசொல் வேண்டும்? மெய்யே என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்கொரு விளக்கம் கூறினார்: அப் என்பது உயிருடையதாய், பெண்ணாய், தெய்வமாய்க் கருதிய நீர், உதன் என்பது வெறும் பொருளாகிய நீர். வேதத்தில் அப் என்பது பெண்பாற் பன்மையில் வருதல் இதற்குத் துணையாகும். தெலுங்கிலும் நீரைப் பன்மையாக்கி நீள்ளு என்றே வழங்குவர். நம் ஊர்களிலும், ஆடிப்பெருக்கன்று காவிரிக்குப் படைப்பவர் அதனைத் தாயென்றே அழைப்பர்; அதே நீர் குழாயில் வந்தால் அது வெறுந்தண்ணீர்.

இனி நம் குடும்பத்திற்கு வருவோம். தென்னாட்டு மொழிகள் வடமொழியினின்று பிறந்தன அல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பத்தன என்று சென்னையிற் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை 1816-இல் சான்றுகளோடு எழுதினார். கால்டுவெல் ஐயர் 1856-இல் அதனைப் பெருநூலாக விரித்தார்.

நீர் என்னும் சொல் தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு, குடகு ஆகிய மொழிகளில் உண்டு. நீலகிரியில் வாழும் தோடரும் கோத்தரும் நீர் என்றே கூறுவர். இஃது அண்டை வீட்டு உறவாதலின் வியப்பின்று. நம் கொங்குநாட்டுச் சந்தைகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவார் ஒரே கிணற்றில் முகந்து, ஒரே சொல்லால் அதனைக் குறித்துப் பலநூறு ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். வியப்பு வடக்கே செல்லுந்தோறும் பெருகும். நடுவிந்தியாவில் வழங்கும் கோலாமி மொழியில் அஃது ஈர். சிந்துநதிக்கும் அப்பால், பலூசிஸ்தானத்தில் ஆடு மேய்த்துத் திரியும் பிராகுயி மக்கள் நீரைத் தீர் என்பர்.

நகரம் எங்ஙனம் தகரமாயிற்று என்று வினவுவீர்கள். வினவத்தான் வேண்டும். பழந்தமிழில் குருதிக்கு நெய்த்தோர் என்பது பெயர், தெலுங்கில் நெத்துரு, பிராகுயியில் தித்தர். நீர் தீரானவாறே நெய்த்தோர் தித்தர் ஆயிற்று. ஒரு சொல்லில் கண்ட திரிபு மறுசொல்லிலும் கண்டோம், ஆதலின் ஐயமின்று. பேரூரிலிருந்து பலூசிஸ்தானம் ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட தொலைவு. பிராகுயி மக்கள் நம் பெயரும் கேட்டிரார். அவர்தம் குடத்தில் இருப்பதும் நம் நீரே என்பதில் உண்மையான பெருமை இல்லையா? அதனை விடுத்து லண்டனுக்கும் ரோமாபுரிக்கும் ஓடுவானேன்?

மற்றொன்றும் கூறுவோம். நிகண்டுகளில் நீரின் பெயர்களுள் அம் என்றும் ஒன்று வரும். இன்று எவரும் வழங்காத சொல். ஆயின் சோட்டாநாகபுரிக் காடுகளில் வாழும் குரூக் மக்கள் நீரை அம்ம் என்றும், ராஜ்மகால் மலையில் வாழும் மால்தோ மக்கள் அமு என்றும் கூறுவர். நம்மிடம் ஏட்டில் உறங்கும் சொல் அவர்கள் நாவில் நாளும் வழங்குகின்றது.

தமிழினின்று வடமொழி பெற்ற சொற்களும் உள. நீரம் என்னும் வடசொல் வேதப்பகுதிகளில் காணப்படாது பிற்கால நூல்களிலேயே வருதலின், அது தென்மொழிக் குடும்பத்தினின்று சென்றது என்பர் பரோ முதலிய வடமொழி வல்லுநர். மீன் என்பதும் அவ்வாறே மீனம் ஆயிற்று என்பர். ஆங்கிலமும் நம்மிடம் கடன்பட்டதுண்டு. அணைக்கட்டு என்பதனை ஆங்கிலப் பொறியாளர் ஆனிகட் என்று தம் மொழியிற் சேர்த்துக்கொண்டனர். அச்சொல் அகராதியிலும் ஏறிற்று. இவை கொடுக்கல் வாங்கல், ரத்த உறவல்ல. கடன் கொடுத்தவன் தந்தையாகிவிட மாட்டான்.

மயக்கம் தரும் ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நின்று நோக்கவேண்டும். இன்று கிரேக்க நாட்டிற்குச் சென்று நீர் கேட்பீராயின், அவர்கள் நேரோ என்பர். நீர், நேரோ! இதனினும் சான்று வேண்டுமோ என்று மேசையைத் தட்டுவார் உளர். ஆயின் பழைய கிரேக்கத்தில் நீருக்குப் பெயர் முன்னர்க் கூறிய ஹுதோர் என்பதே. புதிதாக முகந்த நீரை நெயரோன் ஹுதோர், அதாவது புதுநீர், என்றனர். காலப்போக்கில் நீர் என்னும் பகுதி வீழ்ந்து, புதியது என்னும் அடைமொழியே நீருக்குப் பெயராய் நின்று, நேரோ எனத் தேய்ந்தது. அச்சொல்லின் உறவு வடமொழி நவம், ஆங்கில நியூ என்பவற்றோடேயன்றி, நம் நீரோடு அன்று. வேரை நோக்காமல் தழையை நோக்குவார்க்கு இவ்விடர் நேரும்.

நேரோவின் கதை நமக்குப் புதிதுமன்று. தண்ணீர் என்பது குளிர்ந்த நீர். வெந்நீர் அதற்கு மறுதலை. இன்று நாம் சுடுதண்ணி என்கின்றோம். சுடுகின்ற குளிர்நீர்! அடைமொழி பெயராயிற்று, பொருள் மறந்தது. நீராடுதலையும் நம் ஊர்களில் தண்ணி வாத்துக்கொள்வது என்பர். கள்ளுக்கும் சாராயத்துக்கும் தண்ணி என்றே பெயர் வழங்குவதைப் பெரியோர் பொறுத்தருள்க. ருஷ்யரின் வோத்கா என்பதும் சிறுநீர்மை குறித்த வதா என்பதன் திரிபே. விஸ்கி என்பதும் அயர்லாந்தாரின் பழமொழியில் உயிர்நீர் என்னும் தொடரின் தலைப்பகுதியே. குடியர்கள் எந்நாட்டிலும் ஒருமனப்பட்டே பெயரிட்டுள்ளனர். நம் உழவரோ நட்ட மூன்றாம் நாள் பாய்ச்சும் நீரையே உயிர்த்தண்ணீர் என்றனர். எப்பெயர் பொருளுக்கு ஏற்றது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்க.

ஆறு என்னும் சொல்லிலும் ஒரு மயக்கம் உண்டு. வழியைக் குறிக்கும் ஆறு என்பதும் நதியைக் குறிக்கும் ஆறு என்பதும் ஒன்றே, நீர் தன் வழியை அறுத்துச் செல்லலின் ஆறாயிற்று என்று அழகாகக் கூறுவர். பழந்தமிழில் நதி யாறு, வழியே ஆறு. இரண்டும் வெவ்வேறு சொற்கள். தெலுங்கு இதற்குச் சான்று: யாண்டு அங்கே ஏடு, யானை அங்கே ஏனுகு, யாறு அங்கே ஏறு. யாகாரம் ஏகாரமான இம்மூன்றும் ஒரே தடத்தில் செல்வன.

கன்னட நாட்டெல்லையில் உள்ள நம்மவர்க்குப் பயன்படும் ஒன்றையும் சொல்லிவிடுவோம். தாளவாடிப் பக்கத்தில் குளத்தைக் கெரெ என்பதும் குளத்துக் கரையை ஏரி என்பதும் கேட்டிருப்பீர்கள். நமக்கோ ஏரி என்பது கரையன்று; கரையால் தேங்கிய நீர். கெரெ என்பது கரை என்னும் தமிழ்ச்சொல்லே என்று பலர் எண்ணுவர். அன்று. பழங்கன்னடத்தில் அது கெறெ, தெலுங்கில் செறுவு, தமிழில் சிறை. கன்னடத்துக் கிவி நமக்குச் செவியும், கேரி நமக்குச் சேரியும் ஆனவாறு, அவர்தம் ககரம் நமக்குச் சகரம். அணையைக் கற்சிறை என்று தொல்காப்பியமும் கூறும். நீரைச் சிறைசெய்வதே சிறை. குற்றவாளியை அடைக்கும் இடத்திற்கு மட்டும் இன்று அச்சொல்லை விட்டுவைத்தோம்.

சிறைசெய்த நீரை நெடுந்தொலைவு கொணர்ந்தவர் நம் கொங்குநாட்டில் உளர். சாத்தந்தை கூட்டத்துக் காலிங்கராயன் பவானியாற்றில் அணையிட்டு வெட்டிய வாய்க்கால் 1283-இல் முடிந்தது என்பது வழக்கு. ஏறத்தாழ 56 மைல் வளைந்து வளைந்து சென்று நொய்யலிற் கலத்தலின் அதற்குக் கோணவாய்க்கால் என்றும் பெயர். மேட்டைச் சுற்றி நீரை நழுவவிடும் அவ்வளைவே அதன் நுட்பம். அது சேர்க்கும் இரண்டு ஆறுகளின் பெயரையும் நோக்குக. பவானி சங்கநூலில் வானி. பிற்காலத்தே அம்மன் பெயரோடு ஒன்றிப் பவானி ஆயிற்று. நொய்யலுக்குப் பேரூர்ப் புராணம் கூறும் பெயர் காஞ்சிநதி. அமராவதி பண்டை ஆன்பொருநை. தென்பாண்டித் தாமிரபரணியும் பொருநையே. ஒரே பெயரை இரண்டாற்றுக்கு இடுதல் பிறநாட்டிலும் உண்டு. தானு என்பது பழைய ஈரானியத்தில் ஆற்றின் பெயர். டான், நீப்பர், நீஸ்டர் என்னும் ஆறுகளின் பெயரில் அதுவே கலந்து நிற்கின்றது. இங்கிலாந்தில் ஏவான் என்னும் ஆறுகள் பல. அப்பெயருக்கு அந்நாட்டுப் பழங்குடிகள் மொழியில் ஆறு என்பதே பொருள். புதிதாய் வந்தவர் அதனைத் தனிப்பெயரென்று எண்ணி ஏவான் ஆறு, அதாவது ஆற்று ஆறு, என்றனர்.

ஆற்றின் பெயர் ஆற்றினும் நெடுநாள் வாழும் என்பதற்கு நொய்யலைக் காட்டவேண்டியிருப்பது எமக்கு வருத்தமே. வெள்ளியங்கிரியிற் பிறந்து கோவைக் குளங்களை நிறைத்து, திருப்பூர் வழியாகச் சென்று காவிரியிற் கலக்கும் அவ்வாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-இல் திறந்தனர். பாசனத்திற்கென எழுந்த அவ்வணையில் சாயக்கழிவே தேங்கிற்று. கழிவை ஆற்றில் விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது. இவ்விடைக்காலத்தில் அங்குள்ள சிறுவர் கற்ற சொல் சாயத்தண்ணி. தண்ணீர் என்னும் சொல்லுக்கு முன் நம் முன்னோர் எத்தனையோ அடைமொழி வைத்தனர். இவ்வடைமொழியை வைத்தவர்கள் நாம்.

சொற்கள் அழிவதும் நம் கண்முன்னரே நிகழ்கின்றது. முற்காலத்தில் கொங்குநாட்டுத் தோட்டங்களில் கவலை ஏற்றம் இல்லாத கிணறு அரிது. நீர் முகக்கும் பறி, அதனடியில் தொங்கும் தோல் தும்பி, எருது இழுக்கும் வடம், ஒருமுறை இறைத்த நீருக்குச் சால் என்னும் அளவு — இவற்றை இங்குள்ள முதியோர் கண்மூடிக்கொண்டு கூறுவர். பைக்காரா மின்சாரம் 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் வந்தது, மோட்டார் வந்தது, பின்னர் ஆழ்துளைக் கிணறு வந்து, போர் என்னும் ஒரே சொல் எஞ்சியது. இறைப்பின் உழைப்பு குறைந்தது நன்மையே. எருதின் கழுத்துக் காய்ப்பை மீண்டும் விரும்புவார் எவரும் இலர். ஆயினும் அச்சொற்களை எழுதி வையாவிடின், இன்னும் சில ஆண்டுகளில் கேட்டறிய ஆளிராது. அம் என்னும் சொல்லையேனும் குரூக் மக்கள் காத்தனர். கவலையின் சொற்களைக் காக்க வேறொரு குலம் எங்கும் இல்லை.

ஆதலின் சங்கத்தின் படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு வைத்துள்ளோம். உறுப்பினர் தத்தம் ஊரில் வழங்கும் நீர்ச்சொற்களை அதில் எழுதுக. ஊரும் வட்டமும் குறிக்க. கூறியவர்க்கு வயது எத்துணை என்பதும் குறிக்க. பொருளைத் தம் கருத்தாகத் திருத்தாது, கூறியவர் கூறியவாறே எழுதுக. ஒரே பொருளுக்குப் பொள்ளாச்சியில் ஒன்றும் கோபியில் ஒன்றும் வழங்குமாயின் இரண்டையும் எழுதுக. பாட்டிமார்க்குத் தெரிந்த சொற்கள் பாட்டன்மார்க்குத் தெரிவதில்லை என்பது எம் பட்டறிவு. கிணற்றடி ஆடவரது, குடத்தடி பெண்டிரது. தாய்மார் பகுதியில் அமர்ந்திருக்கும் மூத்தோர் சிலர், யாம் பறியையும் தும்பியையும் கூறியபோது தம்முள் வேறு சொற்களைக் கூறி நகைத்ததைக் கவனித்தோம். கூட்டம் கலைந்தபின் அவர்களிடத்தே முதலிற் சென்று எழுதிக்கொள்ளக் கருதியுள்ளோம்.